மோரில் ஊறிய மீசை

"என்னுங்க அது, டப்பாவுல?"

ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் டப்பாவைத் தள்ளிவிட்டு, அதை மறைக்க ஒரு முட்டைக்கோசை உருட்டிக்கொண்டிருந்த ரத்தினசாமியின் கை அப்படியே நின்றது. பின்னால் அவர் மனைவி கமலாத்தாள். கோயிலுக்குப் போனவள் இத்தனை சீக்கிரம் திரும்புவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"மருந்து," என்றார்.

"என்ன மருந்து?"

"மாட்டு மருந்து. சூடு படப்படாது. குளிர்ச்சியிலயே இருக்கோணும். நீ தொட்றாத."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். எருத்தேன்பதியில் தென்னந்தோப்பும் கறவை மாடுகளுமாக இருப்பவருக்கு அதற்கு அவசியமும் வந்ததில்லை. டப்பாவுக்குள் இருந்தது அசல் பன்றிக்கறி. கொழிஞ்சாம்பாறையில் சிஜுவின் கடையில் வாங்கி, தோப்பு மோட்டார் ரூமில் ஒளிந்து உட்கார்ந்து, மிளகாய்த்தூளும் பூண்டும் மோருமாகப் பிசைந்து ஊறப்போட்டது. மோட்டார் ரூமில் ஃபிரிட்ஜ் மட்டும் இல்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் கமலாத்தாளின் தம்பி பூபதிராஜா. அமெரிக்காவில், ஹூஸ்டனில் வேலை. லீவில் வந்தவன் போன வாரம் அக்கா வீட்டு விருந்தை மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, கை கழுவும்போதே ஆரம்பித்தான்.

"எல்லாம் சரிங்க மச்சான். ஆனா எங்க பக்கம் கேஜன் ஃப்ரைடு போர்க் சாண்ட்விச்சுன்னு ஒன்னு இருக்குது. லூசியானாக்காரங்க காரம். பன்னிக்கறிய மோர்ல ஊற வெச்சு, மாவுல பொரட்டி, மொறுமொறுன்னு பொரிச்சு, பன்னுக்கு நடுவுல வெச்சுத் தருவாங்க. அதெல்லாம் நம்மூர்ல ஒருத்தருக்கும் வராது."

ரத்தினசாமிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மோரு என்ற ஊட்டு மோரு. எண்ணெய் என்ற தோப்புத் தேங்காய ஆட்டுன எண்ணெய். மொளகா என்ற காட்டுல காஞ்சது. அவனுக்கு வர்றது எனக்கு வராதா? மாப்ள, நீ ஏரோப்ளேன் ஏறுறதுக்குள்ள என்ற கையால செஞ்சு போடறேன். இல்லீன்னா இந்த மீசைய எடுத்துக்கறேன்!"

"நெசமாவா? நீங்க ஜெயிச்சா, 'எங்க மச்சான் கைக்கு முன்னால அமெரிக்கா நிக்காது'ன்னு சொந்தக்காரங்க வாட்சப் குரூப்புல நானே பேசிப் போடறனுங்க."

அது லேசுப்பட்ட மீசை இல்லை. வேலந்தாவளம் சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்த்து விலை பேசும் வியாபாரிகள், ரத்தினசாமியிடம் மட்டும் முதலில் மீசையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். சொந்த மகளைக்கூட அவர் அவ்வளவு கவனமாக வளர்க்கவில்லை என்று கமலாத்தாள் சொல்வாள்.

பந்தயம் பேசி முடித்த அதே நிமிஷம் அவள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டித் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். "ஆடோ கோழியோ என்னத்த வேணாலும் பொரிச்சுக்குங்க. பன்னிக்கறி மட்டும் என்ற கேட்டத் தாண்டி உள்ள வரப்படாது."

ஆகவே கேட்டைத் தாண்டி மாட்டு மருந்து வந்தது.

"எந்த மாட்டுக்குங்க?" கமலாத்தாள் விடவில்லை.

"செவலைக்கு."

"செவலைக்கு என்னாச்சு? வெடியாலகூட நல்லாத்தானே கறந்துச்சு?"

"வயிறு பொருமலாட்டத் தெரியுது."

அவ்வளவுதான். கமலாத்தாள் நேரே தொழுவத்துக்குப் போய் செவலையின் முன்னாலிருந்த தீவனத்தை மொத்தமாக அள்ளி எடுத்துவிட்டாள். மற்ற மாடுகள் அசை போடுவதைப் பார்த்துச் செவலை கழுத்தை நீட்டிக் கத்தியது.

"பாருங்க, வலி தாங்காமக் கத்துது! மிருகாஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டேன். சுவக்கீன் டாக்டர் பொழுதோட வர்றேன்னாரு. என்ன மருந்து குடுத்தீங்கன்னு கேட்டாரு. வந்து பாருங்கன்னு சொல்லிப் போட்டேன்."

ரத்தினசாமிக்கு வயிறு பொருமியது. டாக்டர் டப்பாவைத் திறந்தால் மானம், மீசை இரண்டும் போய்விடும். வழியிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, மொபெட்டை எடுத்துக்கொண்டு வேலந்தாவளம் முக்கில் போய் நின்றார். சும்மா நிற்பானேன் என்று பேக்கரியில் பன் வாங்கினார். மந்தி பிரியாணிக் கடையில் மயோனைஸ் வாங்கினார். பெட்டிக் கடையில் உப்பிலிட்ட மாங்காய் வாங்கினார். பொழுது சாய்ந்ததே தவிர டாக்டரைக் காணவில்லை. விசாரித்தால், டாக்டர் கொழிஞ்சாம்பாறை ரோடு வழியாக அப்போதே ஊருக்குள் போய்விட்டாராம்.

அடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே சாம்பிராணிப் புகை மூச்சை அடைத்தது. அடுப்படி, கூடம், எங்கே பார்த்தாலும் புகை.

"செவலைக்குக் கண்ணு பட்டிருக்குமுன்னு போட்டேனுங்க," என்றாள் கமலாத்தாள்.

"டாக்டர்?"

"வந்துட்டு இப்பத்தான் போனாரு. செவலைக்கு ஒன்னுமில்லியாம். பசியாம்."

"மருந்து?"

"அதையும் தொறந்து பாத்தாரு."

ரத்தினசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். "பாத்து?"

"நல்ல மருந்துன்னாரு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுவக்கீன் டாக்டர் பன்றிக்கறி தெரியாதவர் இல்லை. மூடியைத் திறந்ததுமே மணம் காட்டிக் கொடுத்திருக்கும். ஆனாலும் ஓர் ஆணின் கஷ்டம் இன்னொரு ஆணுக்குத் தெரிகிறது பாருங்கள்! டாக்டர் வீட்டுக்கு ஒரு குலை இளநீர் அனுப்ப வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெறும் ரசமும் அப்பளமும் வந்தன. "நீங்க சாப்பிடலியா?" என்றார்.

"பசியில்லீங்க," என்றாள் கமலாத்தாள்.

"எனக்கும் பசியில்லீங்ப்பா," என்றாள் சித்தூர்க் கல்லூரியில் படிக்கும் மகள் மௌனிகா. தப்பித்த சந்தோஷத்தில் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் தாயும் மகளும் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிப் போனார்கள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் ரத்தினசாமி டப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடினார். கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டினார். செல்போனைத் தென்னை மரத்தில் சாய்த்து வைத்தார். அதில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வேகவேகமாக ஏதோ சொல்லிக்கொண்டு கறியை மாவில் புரட்டினார்.

முதல் துண்டில் மாவு ஒட்டவே இல்லை. முட்டை உடைத்து ஊற்றினார். ஒட்டியது, ஆனால் கைவிரல்களிலும் அதேபோல ஒட்டியது. விரல்களைக் கழுவ மோட்டாரைப் போட்டார். பீறிட்டு வந்த தண்ணீரில் மைதாப் பொட்டலம் கூழாகிப் போனது. மிச்சத்துக்குப் பச்சரிசி மாவைக் கலந்தார். அது எண்ணெயில் விழுந்ததும் படபடவென்று வெடித்து மீசையின் இடது முனையைச் சுட்டது. அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு குதித்த நேரத்தில் முதல் ஈடு கரியானது.

அவர் அசரவில்லை. தீயைக் குறைத்தார். மௌனிகா பீட்சாவோடு வந்த பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். அந்த ஓரிகானோ இலைத்தூளை மொத்தமாகக் கொட்டினார். மிளகு, பூண்டு, காய்ந்த மிளகாய் எல்லாம் இரண்டு மடங்கு. அடுத்த ஈடு பொன்னிறமாக மேலே மிதந்து வந்தது. தொட்டுப் பார்த்தால் பஞ்சு. மோரில் ஊறினால் கறி இளகிவிடும் என்று தொப்பிக்காரர் சொன்னது எவ்வளவு சரி! தன் வீட்டு மோரின் மகிமையை நினைத்து அவருக்கு நெஞ்சு விரிந்தது.

பூபதிராஜா வந்தான். தென்னை நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தான். பன்னுக்குள் முட்டைக்கோசு, மயோனைஸ், மாங்காய், அதன் மேல் பொரித்த துண்டு. ஒரு கடி கடித்தான். மென்றான். கண்ணை மூடினான். ரத்தினசாமி கோர்ட்டில் நிற்பவர் போல நின்றார்.

"மச்சான்…"

"சொல்லு மாப்ள."

"லூசியானாவுல சாப்பிடற மாதிரியே இருக்குதுங்க! நாரு நாராப் பிரியுது பாருங்க, இது நல்ல பன்னிக்குத்தான் வரும். நான் எத்தன ஊர்ல தின்னுருக்கேன்! நாக்கு பொய் சொல்லாதுங்க."

ரத்தினசாமி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பிறந்ததிலிருந்தே பன்றிக்கறியோடு புழங்கியவர் மாதிரி விளக்க ஆரம்பித்தார். "கறி வாங்கறதுலதான் சூட்சுமமே இருக்குது மாப்ள. நான் பாத்தவொடனே சொல்லிப்போடுவேன், எது எளசு, எது முத்தல்னு. என்னைய ஏமாத்தோணும்னா இனி ஒருத்தன் பொறந்துதான் வரோணும்."

பூபதிராஜா சொன்ன சொல் தவறவில்லை. செல்போனை நீட்டிப் பிடித்து, "எங்க மச்சான் கைக்கு முன்னால அமெரிக்கா நிக்காது!" என்று பேசிக் குரூப்பில் போட்டான். ரத்தினசாமி கருகிய முனையைக்கூடப் பொருட்படுத்தாமல் மீசையை முறுக்கிக்கொண்டு அந்த வீடியோவில் நின்றார். பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன. சூலூர் பெரியம்மா கைதட்டல் படம் போட்டாள். அவருடைய வாழ்க்கையிலேயே இவ்வளவு பெருமையான காலை வந்ததில்லை.

அந்தக் குரூப்பில் கமலாத்தாளும் இருக்கிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் தோப்பு வரப்பில் அவள் பட்டுச்சேலையோடு வந்துகொண்டிருந்தாள். பின்னால் மௌனிகா.

"என்னுங்க தின்னுட்டு இருக்கறீங்க?"

மோட்டார் ரூமை ஒட்டி நின்ற பலா மரம்தான் அவர் கண்ணில் பட்டது.

"பலாக்காய்! பலாக்காயப் பொரிச்சு பன்னுல வெச்சது. சும்மா மாப்ளைக்கு."

"பலாக்காயா? அப்பப் பந்தயத்துல தோத்துப் போட்டீங்களே மச்சான்," என்று பூபதிராஜா காதோரம் கிசுகிசுத்தான். "மீசை?"

கமலாத்தாள் அதற்குள் கட்டிலில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள். ரத்தினசாமி கையை நீட்டித் தடுத்தார்.

"போதும் கமலா, காரம் எச்சு!"

"நல்லாத்தானுங்க இருக்குது. பலாக்காயி பலாக்காயாட்டவே இருக்குது." அவள் இன்னொன்றையும் எடுத்தாள்.

அவரால் பார்க்க முடியவில்லை. கேட்டைத் தாண்டக்கூட விடாதவள், புருஷன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித் தின்கிறாள். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மீசை மட்டுமென்றால் எடுத்துத் தொலைக்கலாம். இவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? பந்தயம் ஜெயித்த பெருமை ஒரு பக்கம், செய்த துரோகம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து அவர் வாயைத் திறந்தன.

"கீழ வெய்யி கமலா! பொய் சொல்லிப்போட்டேன். மாட்டு மருந்துன்னதும் பொய்யி, பலாக்காய்னதும் பொய்யி. அது பன்னிக்கறி. அசல் பன்னிக்கறி! என்னைய மன்னிச்சுப்போடு. ஆனா ஒன்னு, பந்தயத்துல நான் ஜெயிச்சுட்டேன்!"

கமலாத்தாள் மெல்லுவதை நிறுத்தினாள். மகளைப் பார்த்து வேகமாகக் கண்ணைக் காட்டினாள். ஆனால் அப்பாவின் கண்ணீரைப் பார்த்துப் பதறிப்போன மௌனிகா அதைக் கவனிக்கவில்லை.

"அழுவாதீங்ப்பா, அது நெசமாலுமே பலாக்காய்தான், கறிய நேத்துப் பொழுதோடயே அம்மாவும் நானும் சுவக்கீன் டாக்டருமாப் பொரிச்சுத் தின்னு போட்டோம், உங்க மீசை போயிறக் கூடாதுன்னுதான் அம்மா அதே மோருக்குள்ள பலாக்காய வேக வெச்சுப் போட்டாங்க!"