பேட்டரியைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்லவும்

செல்போன் வாங்கும்போது பேட்டரி கழற்ற வருமா வராதா என்று பார்க்க வேண்டுமா? அறிஞர் பெருமக்கள் இன்னும் முடிவுக்கு வராத கேள்வி. எண்ணூர்ப் பக்கம் ஒரு கேஸ் கம்பெனி மட்டும் கேட்டிலேயே முடிவு சொல்லிவிட்டது.

எங்கள் தெரு சுஹைபுக்கு அங்கே காண்டிராக்ட் வேலை கிடைத்தது. அவன் அத்தா இடுப்பொடிந்து படுத்திருக்க, வீட்டில் சம்பாதிக்கக் கிளம்பியவன் அவன் ஒருவன்தான். வேலைக்குப் போகிறவன் கையில் டப்பா போன் அழகில்லை என்று டோல்கேட்டில் தவ்ஃபீக்கின் செல்போன் கடைக்குப் போனான்.

"இதுல பேட்டரி கழட்ட வராதா பாய்?"

"கழட்றதெல்லாம் அந்தக் காலம் மாமு. இப்போ உள்ளயே ஒட்டிக்கீறான். எவ்ளோ ஸ்லிம்மா கீது பாரு."

மறுநாள் காலை, போன் பாதி வெளியே தெரிகிறாற்போல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றான். அங்கே பாதுகாப்பு அதிகாரி வேதமாணிக்கம். (அவர் பேசுவதை மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு படிக்கவும்.)

"போன் இந்தப் பெட்டில. பேட்டரி அந்தப் பெட்டில. டோக்கன் வாங்கிட்டு உள்ள போ."

"இது கழட்ட வராது சார். போன் கம்பெனியே ஒட்டிட்டான்."

"அது அவன் கம்பெனி ரூல். இது நம்ம கம்பெனி ரூல்."

கேஸ் இருக்கும் இடத்தில் தீப்பொறி ஆகாது என்ற மேலான நோக்கத்தில், எல்லாப் பேட்டரியும் கழன்ற காலத்தில் இயற்றப்பட்ட ரூல் அது. அதன் பிறகு போன்கள் மாறின. ரூல் கண்ணியமாக அப்படியே நின்றது.

"அப்ப நாளைக்குப் போன் இல்லாம வரேன் சார்."

"தாராளமா வா. பேட்டரி மட்டும் கொண்டா."

"போனே இல்ல, பேட்டரி இன்னாத்துக்கு சார்?"

"ஒப்படைக்கறதுக்கு. அந்த டோக்கன்லதான் அட்டெண்டன்ஸ். டோக்கன் இல்லேன்னா ஆப்சென்ட். ஆப்சென்ட் சேர்ந்தா கேட் பாஸ் கட்."

பதிலில் குறை காண முடியாததால் சுஹைப் நேராகத் தவ்ஃபீக்கிடம் வந்தான்.

"பாய், பேட்டரி வேணும். போன் வேணாம்."

தவ்ஃபீக் மேசைக்கடியிலிருந்து ஒரு கோணியை இழுத்தார். அத்தனையும் செத்த பேட்டரி. சிலது பூரி மாதிரி உப்பியிருந்தது.

"இன்னா பாய், உப்பிக்கீது?"

"நீ இன்னா போன்லயா போடப் போற? பொட்டிலதானே."

அடுத்த நாள் வேதமாணிக்கம் அந்தப் பூரியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "நல்ல வெயிட்டா இருக்கே, குட்," என்று டோக்கன் கொடுத்தார்.

விஷயம் பரவியது. கம்பெனி முழுக்க ஒட்டிய போன்காரர்கள்தான். கம்பெனி முழுக்கத் தவ்ஃபீக் கடைக்கு வந்தது. கிரேன் ஓட்டும் கீர்த்தி தன் செத்த பேட்டரிக்கு ஸ்டிக்கர் ஒட்டினான். அந்த வாரமே ஸ்டிக்கர் இல்லாத பேட்டரிக்கு மரியாதை போயிற்று. உயிருள்ள போன்கள் பனியனுக்குள் பத்திரமாக உள்ளே போய்வந்தன. செத்த பேட்டரிகள் கேட்டில் குவிந்தன. பாதுகாப்பு இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

ஒரு வெயில் மதியம் பெட்டி புகைந்தது. மணலை அள்ளிக் கொட்டி அணைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அட்டெண்டன்ஸுக்காகப் பக்கத்தில் அடுக்கியிருந்த அன்றைய டோக்கன்கள் மட்டும் கருகின. மேலிடத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார்.

"இதெல்லாம் யாரோட பேட்டரி?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வேதமாணிக்கம் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"உங்களோடதும் இருக்கா வேதமாணிக்கம்?"

"என் போன்லயும் கழட்ட வராது சார்."

அதிகாரி யோசித்து அறிவித்தார்: "புகைந்தவை எந்தப் போனுக்கும் உரியவை அல்ல, ஆகவே அவை பேட்டரிகள் அல்ல. டோக்கன் எதுவும் இல்லாததால் இன்று யாரும் பணிக்கு வரவில்லை. வராதவர்களுக்கு விபத்து நேர வாய்ப்பில்லை. இன்று விடுமுறை."

"சார், நான் வந்தேனே," என்றான் சுஹைப்.

"வந்தேன்னா அதுல ஒரு பேட்டரி உன்னோடது. கேட் பாஸ் கட்."

"நான் வரல சார்."

மற்றவர்களும் தாங்கள் வராததை ஒருவர்பின் ஒருவராக வந்து சொன்னார்கள்.

விபத்தே இல்லாத ஆண்டு என்று கம்பெனி விழா எடுத்தது. ஆளுக்கொரு பவர் பேங்க் பரிசு. சாயங்காலம் வீட்டுக்குப் போக அத்தனை பேரும் அதை ஏந்திக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். அன்று வேதமாணிக்கத்துக்கு ஷிப்ட் முடிந்து, அவரும் பரிசோடு வரிசையில் முதல் ஆளாக நின்றார். கேட்டில் புது ஆள் ஜேக்கப், அங்கிருந்த போர்டை 'ஒப்படைத்துவிட்டு' வரை படித்துவிட்டுக் கை நீட்டினார்.

"பேட்டரியைக் கழட்டுங்க சார்."

"யோவ், இதுவே பேட்டரிதான்."

"அப்ப அதுக்குள்ள இருக்கறதைக் கழட்டுங்க."

வேதமாணிக்கம் பவர் பேங்கைத் திருப்பித் திருப்பி மூடி தேடினார். கிடைக்கவில்லை. பின்னால் நின்ற சுஹைபின் காதோரம் குனிந்தார்.

"தம்பி, பனியன்லேர்ந்து போனை எடுத்து அந்தத் தவ்ஃபீக்குக்குப் போடு. உப்பினதா இருந்தாலும் பரவால்லன்னு சொல்லு."