பன்னிரண்டாவது சுரம்

"யாருமே வாசிக்காத பியானோவுக்கு யாருப்பா கை தட்டுவாங்க?"

மகள் ஐந்து வயதில் கேட்டது. பியானோ மெக்கானிக்கிடம் அன்றும் பதில் இல்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகும் இல்லை.

இன்று வேறு தலைவலி. தானாக வாசிக்கும் அந்தப் பழைய பியானோவை எடுத்துப்போக உரிமையாளர் ஐந்து மணிக்கு வருகிறார். இரண்டு முறை குறை சொல்லித் திருப்பி அனுப்பியவர். "இந்தத் தடவையும் சொதப்பினா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

சோதனைச் சுருளின் காகிதத் துளைகள் ஒரே கட்டையைப் பன்னிரண்டு முறை அடிக்கச் சொல்லும், ஒவ்வொரு முறையும் இன்னும் சன்னமான சத்தத்தில். கட்டைகளை இயக்கும் காற்றின் இழுப்பு சரியாக இருந்தால் பன்னிரண்டாவது கேட்கவே கூடாது.

காலையில் பன்னிரண்டும் கேட்டன. சுவரை ஒட்டி நின்ற பியானோவுக்குள் தலையை விட்டுக் காற்றுத் திருகைக் குறைத்தார். பதினொன்று. அமைதி. சிரிக்கப் போனார்.

டங்!

இன்னும் குறைத்தார். பியானோ ஒன்பதோடு அடங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு டங், டங், டங்!

"குறைக்கக் குறைக்கக் கூடுதே!"

"உங்க கோபம் மாதிரி" என்றாள் மனைவி.

மறுபடி குறைத்தார். மூன்றுதான் முனகலாக வந்தன. மீதி ஒன்பதும் கணீரென்று கேட்டன.

"எத்தனை தடவை சொல்றது? இங்க வாயைத் திறக்கக் கூடாது!" பியானோவின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"கத்தாதீங்க. பக்கத்து வீட்டுக்குப் போன வாரம்தான் ஆள் வந்திருக்கு. என்ன நினைப்பாங்க?"

கதவு தட்டப்பட்டது. அந்தப் பக்கத்து வீட்டம்மாதான். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, பாப்பாவை அடிக்காதீங்க. காலையில பன்னெண்டும் அழகா அடிச்சுது. அப்புறம் பயந்து பதினொண்ணுல நின்னுடுச்சு. அதான் விட்டதை என் பியானோவுல நான் எடுத்துக் கொடுத்தேன். நீங்க அதட்ட அதட்ட, பாவம், மூணுக்கு வந்துடுச்சு."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இனிமே திட்ட மாட்டேம்மா" என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது. அது உண்மையும்கூட.

மனைவி அந்தம்மாவை வீடுவரை கொண்டுவிடப் போனாள். அவர் திருகை முதலில் குறைத்த இடத்துக்கே கொண்டுவந்து சோதித்தார். பதினொன்று. அமைதி. அமைதியேதான்.

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சோதனைச் சுருளை எடுத்துவிட்டு, முழுப் பாட்டுச் சுருள் ஒன்றை மாட்டினார். மூடியைத் திறந்துவைத்தார். பியானோ ஓரிடத்திலும் தடுமாறாமல் வாசித்து முடித்தது.

சுவருக்கு அப்பாலிருந்து கைதட்டல் கேட்டது.

"சபாஷ், பாப்பா!"

அறையில் யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, தாம் தட்டிய இடத்தை அவர் மெல்லத் தடவிக்கொடுத்தார்.