புரோக்கர்கள் தேவையில்லை

காலை ஏழு மணிக்குள் நஞ்சுண்டனுக்கு ஒன்பது போன் வந்துவிட்டது. ஒன்பது பேரும் புரோக்கர்கள்.

"போர்டுல 'இடம் வாடகைக்கு, புரோக்கர்கள் தேவையில்லை'ன்னு எழுதியிருக்குதுங்களே, பார்க்கலீங்களா?" என்றார் ஒன்பதாவது ஆளிடம், அழாத குறையாக.

"பார்த்துப்போட்டுத்தானுங்க கூப்பிடறேன். நாங்க என்னுங்க பாவம் பண்ணுனோம்?"

பல்லடம் ரோட்டு மேல் நாற்பது சென்ட். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, குடோனை இடித்துச் சமமாக்கி வைத்திருந்த இடம். வாடகை வந்தால்தான் மகள் கனிஷ்கா அடுத்த வருஷமும் காலேஜுக்குப் போவாள். புரோக்கரிடம் கொடுக்கலாம்தான். ஆனால் அந்த வட்டாரத்திலேயே பெரிய புரோக்கர் அவருடைய மச்சினன் ரவிக்குமார். "நான் இல்லாம உங்க இடத்தைக் காக்கா கூட எடுக்காதுங்க மச்சான்" என்று கல்யாணப் பந்தியில் நாலு பேர் முன்னால் சொன்னவன். அவன் வாசலில் போய் நிற்பதா? சோறு இறங்குமா மனுஷனுக்கு?

"ஏனுங்க, அவங்களுக்கும் அது பொழப்புதானுங்க. கொஞ்சம் மரியாதையா எழுதியிருக்கலாம்" என்றாள் மனைவி கீதா.

நியாயம்தானே. எங்கள் ஊர்ப் பக்கம் ஒருத்தரை வேண்டாம் என்றாலும் ஒரு 'ங்க' போட்டல்லவா சொல்ல வேண்டும்? மறுநாளே இரண்டாவது போர்டு ஏறியது: 'புரோக்கர் பெருமக்கள் மனம் வருந்த வேண்டாமுங்க.'

புரோக்கர்களின் போன் நின்றது. வேறு போனும் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எதிரே டீக்கடை வைத்திருக்கும் தெய்வாத்தாளிடம் போய்ப் புலம்பினார்.

"இங்க டீ குடிக்கறவங்க என்ன பேசறாங்க தெரியுமுங்களா? புரோக்கரே வேண்டாங்கறாருன்னா இடத்துல ஏதோ வில்லங்கம்ங்கறாங்க."

நஞ்சுண்டன் நேரே பெயிண்டரிடம் ஓடினார். மூன்று தலைமுறையாகப் பத்திரம் இருக்கிற இடம்! மூன்றாவது போர்டு வைத்தார்: 'இந்த இடத்தில் எந்த வில்லங்கமும் இல்லை.'

அவ்வளவுதான். அதுவரை சந்தேகப்பட்டவர்கள் அடித்தே சொல்ல ஆரம்பித்தார்கள். கேஸ் எந்தக் கோர்ட்டில், பங்காளிகள் எத்தனை பேர் என்பது வரைக்கும் டீக்கடையில் முடிவாகிவிட்டது.

நாலாவது போர்டு: 'தறி ஓடாததால்தான் காலி. வேறு காரணம் இல்லை.'

வேறு என்ன காரணமாக இருக்கும் என்று ஊர் உட்கார்ந்து யோசித்தது. குடோனில் எப்போதோ ஒரு பொம்பளை செத்துப்போனாளாம். வெள்ளிக்கிழமை தோறும் அவள் தறி ஓட்டும் சத்தம் கேட்கிறதாம்.

ஐந்தாவது போர்டு: 'இங்கு பேய் இல்லை.' எழுதிக் கொண்டுவந்த பெயிண்டரே உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று ரோட்டோரத்தில் நட்டுவிட்டு ஓடினான்.

அதன்பிறகு பஸ்கள் அங்கே மெதுவாகப் போயின. கண்டக்டர் ஒன்றிலிருந்து ஐந்து வரை சத்தமாகப் படித்துக் காட்டினார். பைக்கில் வந்தவர்கள் இறங்கி செல்ஃபி எடுத்தார்கள். ரவிக்குமார் போன் பண்ணி, "ஏனுங்க மச்சான், பேய்கிட்ட அட்வான்ஸ் வாங்கியாச்சுங்களா?" என்றான்.

காலேஜில் பணம் கட்ட இன்னும் பத்தே நாள். ராத்திரியெல்லாம் தூங்காத நஞ்சுண்டன், போகிற மானம் போகட்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு மச்சினன் வீட்டுக்குக் கிளம்பினார். செருப்பைப் போடும்போது தெய்வாத்தாள் போன் செய்தாள்.

"வெரசா வாங்க. ஒருத்தர் கார்ல வந்து எறங்கி அரை மணி நேரமா நிக்கறாருங்க!"

பத்திரக் கட்டை அள்ளிக்கொண்டு ஓடினார். வந்திருந்தவர் பெயர் கிருபா. அடுத்த மாதம் பல்லடத்தில் துணிக்கடை திறக்கப் போகிறாராம்.

"வில்லங்கம் சுத்தமா இல்லீங்க. பட்டாவைப் பாருங்க" என்று மூச்சு வாங்கினார் நஞ்சுண்டன்.

"அதெல்லாம் எதுக்குங்க?"

"பேயும் இல்லீங்க! வேணுமின்னா நானே ஒரு வாரம் இங்க படுத்துக் காட்டறேன்."

"இருந்தாலும் பரவால்லீங்க."

நஞ்சுண்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மகராசன் இருக்கிறாரா! "போர்ல தண்ணி நல்லா வருதுங்க. எத்தனை சென்ட் வேணுமுங்க?"

கிருபா இடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ரோட்டில் ஒரு பஸ் வந்து நின்றது. எல்லா ஜன்னலிலும் தலைகள் நீண்டன.

"இடம் எனக்கு எதுக்குங்க? இந்த ரோட்டுல போற அத்தனை பேரும் நின்னு படிக்கற அந்த அஞ்சு போர்டை மாசம் எவ்வளவுக்கு விடுவீங்க?"