வால் படையும் மாமாவின் வலது கையும்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அக்கா நலம், கடையில் சலவை இயந்திரங்கள் இரண்டும் நலம். அங்கே நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் என்ன, தொந்தரவையெல்லாம் பார்சல் கட்டி இங்கே அனுப்பிவிட்டீர்களே. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். இந்தக் கடைக்குள் எந்த மூலையில் நின்று பேசினாலும் மாமா, அதாவது உங்கள் அப்பா, காதில் விழுந்துவிடுகிறது. தெருவுக்குப் போய்ப் பேசினால், நான் குரலை உயர்த்தியதுமே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தச் சௌகரியம் கிடையாது, கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

மாமா ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டதும், ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்ததும் உங்களுக்குத் தெரியும். கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. எலும்பு டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொல்லி, இரண்டு மாதம் கழித்தும் மடங்காவிட்டால் அறுவை சிகிச்சைதான் என்றார். மாமா மூன்று நாள் அமுக்கினார், நாலாம் நாள் அந்தப் பந்தை இடது கையாலேயே எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு விட்டெறிந்தார். அந்த வலது கை எப்பேர்ப்பட்ட கை என்று நான் சொல்லவேண்டியதில்லை. கடைக்குத் துணி வந்ததும் காலருக்கு உள்பக்கம் அழியாத மையில் வாடிக்கையாளரின் அடையாளத்தை எழுதுவது அவர்தான். எள்ளளவு எழுத்து, ஆனால் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம், அத்தனை தெளிவு. இவ்வளவு வருடத்தில் ஒரு கைக்குட்டைகூட மாறிப் போனதில்லை. அப்படிப்பட்ட மனிதர் இப்போது இடது கையால் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு சாப்பிடுகிறார். வலது கையைத் துண்டு போட்டு மூடியே வைத்திருக்கிறார், பெற்ற மகளையே பார்க்க விடுவதில்லை. எனக்கே இதையெல்லாம் பார்க்க மனசு தாங்கவில்லை. அதனால் நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினீர்கள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னத்தை அனுப்பினீர்கள்?

கையில் பிடித்துப் பொத்தானைத் தட்டி விளையாடுகிற விளையாட்டுப் பெட்டி. அதுவும் அந்த வால் படை. ஊரில் எந்தக் குழந்தையின் பையைப் பார்த்தாலும், தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாலும் அந்த மஞ்சள் வாத்தும் பச்சைத் தவளையும் நீலக் கரடியும் பல்லை இளிக்கின்றன. தொலைக்காட்சியைத் திறந்தால் அதுகள்தான். இதுவரை என் வீட்டுக்குள் வராமல் இருந்தன, இப்போது நீங்கள் தபால் செலவு செய்து வரவழைத்துவிட்டீர்கள். பெட்டியின் திரையில் மேலேயிருந்து முகம் முகமாக விழுமாம், ஒரே முகம் மூன்று வரிசையாகச் சேர்ந்தால் டப்பென்று மறையுமாம், சேராவிட்டால் குவிந்து குவிந்து உச்சி வரைக்கும் வந்துவிடுமாம், அப்போது அந்த வாத்து அழுமாம். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, விரலுக்குப் பயிற்சி என்று நீங்கள் சீட்டு எழுதி வைத்திருந்தீர்கள். மாமா அந்தச் சீட்டை மடித்து ஆடுகிற நாற்காலிக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதே நாற்காலியில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் கடை சாத்தும்வரை எழுந்திருப்பதில்லை. அதிலும் பெட்டியை மடியில் வைத்து, வலது பக்கம் முழுக்கத் துண்டைப் போர்த்திக்கொள்கிறார். வெளியே தெரிவது இடது கை மட்டும்தான். அதாவது எந்தக் கைக்காக வந்ததோ அந்தக் கைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, கண் கெட்டது, கழுத்து வலிக்கிறது, என் நிம்மதி போனது.

சும்மா விளையாடினாலும் பரவாயில்லை. அந்த முகங்களுக்கெல்லாம் குடும்பத்துப் பெயர் வைத்திருக்கிறார். வாத்து உங்கள் அக்கா. தவளை நீங்கள். சந்தோஷப்படாதீர்கள், ஆணி அடித்தாலும் ஓர் இடத்தில் நிற்காது என்பதால் அந்தப் பெயர். நடுவில் ஒரு பூதம் சாம்பல் நிறக் கல் ஒன்றைத் தூக்கிப் போடுமாம். எதனோடும் சேராது, எதைச் செய்தாலும் மறையாது. அதற்குப் பெயர் மாப்பிள்ளை. இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது அவரே உரக்கச் சொன்னார்.

"மாப்பிள்ள நடுவுல வந்து உக்காந்துட்டார், இனி அசைய மாட்டார். இவர ஒழிச்சாத்தான் இந்தக் குடும்பம் மேல வரும்."

நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். மறுநாள் பக்கத்து ரொட்டிக்கடை அம்மாள் ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு வந்து, உங்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த வீட்டில்தான் பிரச்சினை இல்லை, பொறுத்துப் போம்மா என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் அக்கா விளக்கம் சொல்லவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், அந்த அம்மாள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார்.

அவரைப் பெட்டியிலிருந்து பிரிக்க வேறு வேலை கொடுத்தால் போகிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்லவேண்டும். தேய்த்த துணிகளை நம்பர் வரிசையில் கம்பியில் தொங்கவிட்டிருப்போம் அல்லவா, காலரில் எழுத ஆளில்லாததால் இப்போது காகிதச் சீட்டைக் குண்டூசியால் குத்திவைக்கிறோம். அந்தக் கம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்லிவிட்டு வங்கிக்குப் போனேன். திரும்பி வந்தால் கம்பி முழுக்க நிறவாரியாக இருக்கிறது! மூன்று நீலம், மூன்று பழுப்பு, மூன்று கோடுபோட்டது. குண்டூசிச் சீட்டெல்லாம் ஒரு கிண்ணத்தில். கேட்டதற்கு, மூன்றாகச் சேர்ந்ததை எடுத்து உறையில் போட்டுவிட்டால் கம்பியில் இடம் காலியாகிறதே என்றார். சேர்ந்த மூன்று வெள்ளைக் கோட்டுகளை ஏற்கெனவே ஒரே உறையில் போட்டு, முதலில் வந்த பல் டாக்டரிடம் கொடுத்தனுப்பியும் விட்டார். அதில் ஒன்றுதான் டாக்டருடையது. டாக்டர் பாவம், அவசரத்தில் மேலே இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தவரின் வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் அண்ணாந்து பார்த்தால் டாக்டரின் மார்பில் சிவப்பு நூலில் தையல்: தினமும் புதிய இறைச்சி. வாயில் வைத்த பஞ்சோடு தெருமுனை வரைக்கும் ஓடியிருக்கிறார், இன்றுவரை திரும்பி வரவில்லையாம். டாக்டர் கடைக்கு வந்து கத்தினார். இறைச்சிக்கடைக்காரரும் கோட்டைக் கேட்டு வந்து கத்தினார். நான் இரண்டு பேரிடமும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தபோது மாமா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மூணும் வெள்ளதானே?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தப் பெட்டியை எடுத்து, விடுதிக்குப் போகவேண்டிய படுக்கை விரிப்பு மூட்டைக்குள் செருகி ஒளித்துவைத்தேன். இரண்டு நாள் தேடிவிட்டு மறந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். உங்கள் அக்கா வழக்கமாக மாலையில் அனுப்புகிற மூட்டையை அன்றைக்கென்று காலையிலேயே வண்டியில் ஏற்றிவிட்டாள். பெட்டி போய்விட்டது. மாமா தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மதியம் சாப்பிடவில்லை, மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. உங்கள் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் விடுதிக்கு ஓடினேன். அங்கே காவலாளி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைத்தான் தட்டிக்கொண்டிருந்தான். பிடுங்கிக்கொண்டு வந்து கொடுத்தால், மாமா ஒன்பது நாளாகத் தாண்ட முடியாமல் கிடந்த கட்டத்தை அவன் ஒரே இரவுப் பணியில் தாண்டி வைத்திருக்கிறான். அதற்கு என்மேல் கோபம்! கடைசியில் அவனையே கடைக்கு வரவழைத்துவிட்டார். இப்போது தினமும் பணி முடிந்து நேராக இங்கேதான் வருகிறான். கல்லையே முறைச்சுப் பாக்காதீங்க பெரியவரே, பக்கத்துல இருக்கறதக் கலைங்க, அது தானா எறங்கும் என்று என்னை எப்படி ஒழிப்பது என்பதை என் கடையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே சொல்லிக்கொடுக்கிறான்.

தம்பி, இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை எலும்பு டாக்டரிடம் போகவேண்டும். இந்த வயதில் கத்தி வைத்தால் அவர் தாங்குவாரா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் அக்காவுக்கும் பயம்தான், வெளியே சொல்லாமல் எல்லாத் துணியையும் இரண்டிரண்டு முறை தேய்க்கிறாள். அந்தக் கையைக் காட்டுங்கள் மாமா என்று எத்தனை தடவை கேட்டுவிட்டேன், துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொள்கிறார். என் பேச்சு எடுபடவில்லை. எவ்வளவு செய்தாலும் நான் மாப்பிள்ளைதான், மகன் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வந்து, அப்பாவையும் அந்தப் பெட்டியையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போய், அங்கேயே நல்ல டாக்டராகப் பாருங்கள். வேலை இருக்கிறது, விடுமுறை கிடைக்காது என்ற கதையெல்லாம் வேண்டாம். வராவிட்டால் நானே அழைத்துவந்து உங்கள் வாசலில் விட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிவிடுவேன். இது என் முடிவான தீர்மானம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு என் ஆசியையும் தெரிவிக்கவும். குழந்தைகளுக்கு வால் படை பொம்மை எதுவும் வாங்கிக் கொடுக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரன்
(சாம்பல் நிறக் கல்)

பின்குறிப்பு: மேலே எழுதியதை முடித்து, உறையோடு மேசையில் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனேன். வந்து பார்த்தால் உறையின்மேல் உங்கள் விலாசம் எழுதியிருக்கிறது. என் எழுத்து இல்லை, உங்கள் அக்கா எழுத்தும் இல்லை. எள்ளளவு எழுத்து, கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது. உங்கள் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது, சொல்லிக்கொள்ள வெட்கம் இல்லை. இத்தனை நாளும் துண்டுக்குள் அந்தக் கைதான் வேலை செய்திருக்கிறது. ஒழுங்காக எழுத வரும்வரை யாரிடமும் காட்டுவதில்லை என்று இருந்திருக்கிறார். கடிதத்தையும் படித்திருக்கிறார். இதற்கு முந்தைய பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே பாருங்கள், அழியாத மையில் அவரே எழுதியிருக்கிறார்:

"ஞாயிறு எனக்குத் தோதுப்படாது. அப்பா."

ஆகவே நீங்கள் வரவேண்டாம். மேலே உள்ள எதையும் மனசில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு சார்ஜர் மட்டும் இன்றைக்கே வாங்கி, விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். இருந்ததை இன்று காலை கோபத்தில் நான்தான் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன், எலி கடித்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன். இதை அவர் படிப்பதற்குள் உறையை ஒட்டிக்கொண்டு ஓடுகிறேன்.