சர்ஜனுக்கு மூன்று கொட்டேஷன்

மூன்று கொட்டேஷன் வாங்காமல் தாவீது ஒரு குழாய் வாஷரைக்கூட மாற்ற விடமாட்டார். பெருங்களத்தூரில் அறுபது வீடுகள் கொண்ட அடுக்குமாடிச் சங்கத்துக்கு ஏழு வருடமாக அவர்தான் செயலாளர். லிஃப்ட் பழுதா? மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கடைசியில் கையெழுத்து. கையெழுத்து விழுந்துவிட்டால் வானத்திலிருந்து தேவதூதனே இறங்கி வந்தாலும் முடிவு மாறாது. மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு முனீர், "பெயின்ட் கலரை மட்டும் மாத்தக்கூடாதா மச்சான்?" என்று கெஞ்சிப் பார்த்தார். "ஃபைல் க்ளோஸ்" என்றுவிட்டார் தாவீது. அந்தக் கட்டடம் இன்றைக்கும் மஞ்சள்காமாலை வந்த மாதிரிதான் நிற்கிறது.

அப்பேர்ப்பட்டவரின் வயிற்றிலேயே பழுது பார்க்கும் வேலை வந்தது.

"எடை நூத்தி இருபது. சர்க்கரை அடங்கவே மாட்டேங்குது. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. இது எனக்குப் பிடிக்கலை. நல்ல சர்ஜனா பார்த்து எடைக் குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கங்க. தள்ளிப்போடாதீங்க" என்று சர்க்கரை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜாஸ்மின் கேட்டாள். "எந்த டாக்டர்கிட்ட போகலாம்?"

"நீ இதுல தலையிடாத. சர்ஜனை நான் செலக்ட் பண்றேன். முறைப்படி."

"முறைப்படின்னா?"

"மூணு கொட்டேஷன்."

"வயித்துக்கா?"

"வயிறுன்னா என்ன, மோட்டார்னா என்ன? முறைன்னா முறைதான்."

உண்மையைச் சொல்லிவிடுவோம். தாவீதுக்குப் பயம். மயக்க ஊசி போட்டால் திரும்ப முழிப்போமா என்ற பயம். முழித்தாலும் அப்புறம் பிரியாணி இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காதே என்ற பயம் அதற்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. இந்த இரண்டையும் தள்ளிப்போட அவருக்குக் கிடைத்த ஒரே கேடயம் அந்த ஒப்பீட்டுப் பட்டியல்.

முதல் சனிக்கிழமை முனீரின் ஸ்கூட்டரில் குரோம்பேட்டை போனார். டாக்டர் ஷ்யாம்சுந்தரைப் பார்க்க இருபது நிமிஷம்தான் ஆனது. வெளியே வந்தால், எதிர் பிரியாணிக் கடையில் அப்போதுதான் தம் உடைக்கிறார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள்ல வயித்தைச் சின்னதாக்கிடுவாங்க மச்சான். கடைசியா ஒரு தடவை" என்றார் தாவீது.

"தூக்குல போடறவனுக்கே கடைசி ஆசை கேக்கறாங்க. நீ இன்னா தப்பு பண்ணே? வா" என்றார் முனீர்.

வீட்டில் ஜாஸ்மின் காத்திருந்தாள். "டாக்டர் எப்படி?"

"வயசாயிடுச்சு. கை நடுங்குது."

அடுத்த சனிக்கிழமை மேற்குத் தாம்பரம். அந்த டாக்டரின் தெருமுனையில் பரோட்டா, சால்னா. "ரொம்பச் சின்னப் பையன் ஜாஸ்மின். மீசையே சரியா முளைக்கலை." அதற்கடுத்த சனிக்கிழமை மேடவாக்கம். ஆஸ்பத்திரிக்கு அடுத்த கட்டடத்தில் ஆப்பம், பாயா. "ஒல்லிக்குச்சி. குண்டா இருக்கறவன் கஷ்டம் அவருக்கு எங்கேர்ந்து தெரியும்?"

"சரி, மூணும் முடிஞ்சுதே. யாரு?"

"மூணும் தள்ளுபடி. ரீ-டெண்டர்!"

ஜாஸ்மின் எழுந்து உள்ளே போனாள். அவள் பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் ஃபேன்கூட மெதுவாகத்தான் சுற்றும். மறுநாள் சர்ச்சிலிருந்து வந்ததும் மூன்று டாக்டர் சீட்டையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பினாள்.

"எடையைப் படிங்க."

"எதுக்கு?"

"நானே படிக்கறேன். நூத்தி இருபத்தொண்ணு. நூத்தி இருபத்திரண்டரை. நூத்தி இருபத்திநாலு."

"ஒவ்வொரு ஆஸ்பத்திரி மிஷினும் ஒவ்வொரு மாதிரி காட்டும்."

"எல்லா மிஷினும் ஒரே பக்கமாவா தப்பு காட்டும்?"

அவள் அவருடைய ஒப்பீட்டுப் பட்டியல் ஃபைலைத் திறந்தாள்.

"அனுபவம், வசதி, பார்க்கிங், எல்லாம் சரி. அது என்ன கடைசிக் கட்டம், 'சுற்றுப்புறம்'? குரோம்பேட்டைக்குப் பத்துக்கு ஒன்பது. தாம்பரத்துக்கு எட்டு. மேடவாக்கத்துக்குப் பத்துக்குப் பத்து!"

"அது... காத்தோட்டம்."

"மேடவாக்கம் ஜங்ஷன்லயா?"

திட்டப்போகிறாள் என்று தாவீது தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை. ஃபைலை மெல்ல மூடினாள்.

"தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நிக்கும்போது நான் பக்கத்துல படுத்து எண்ணிட்டிருப்பேன். ஒண்ணு, ரெண்டுன்னு. முந்தாநாள் பதினெட்டு வரைக்கும் போச்சு. அதுக்கு மேல எண்ணத் தெரியாம இல்லைங்க. பயமா இருந்துச்சு."

'நாளைக்கே படுத்துடறேன் ஜாஸ்மின்' என்று சொல்லத்தான் தாவீது வாயைத் திறந்தார். கண் முன்னால் மயக்க ஊசி வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து முனீர் வந்து மொட்டை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மச்சான், கோவளத்துல ஒரு லேடி சர்ஜன் கீறாங்களாம். டாக்டர் தேவதர்ஷினி."

"அவ்ளோ தூரமா?"

"ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்ல மீன் வறுவல் கடை. வஞ்சிரம். படகுலேர்ந்து எறங்கி நேரா சட்டிக்குப் போவுதாம்."

தாவீது படியிறங்கி வந்த வேகத்தைப் பார்த்திருந்தால் சர்க்கரை டாக்டரே ஆபரேஷன் வேண்டாம் என்றிருப்பார்.

"கோவளமா? வண்டலூர் போய்ச் சுத்திக்கிட்டுப் போகணும். வேணாங்க" என்றாள் ஜாஸ்மின்.

"உயிரா தூரமா? எது முக்கியம்?"

"லேடி டாக்டர். உங்களுக்குக் கூச்சமா இருக்காது?"

"திறமையில ஆம்பளை பொம்பளைன்னு பார்க்கற ஆளா நான்?"

"போய்ப் பார்த்துட்டு அவங்களுக்கும் ஒரு நொட்டை சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன்."

"எழுதிக் குடுங்க பார்ப்போம்."

ஃபைலை இழுத்தார். 'டாக்டர் தேவதர்ஷினி அவர்களே இறுதித் தேர்வு. இனி மாற்றமில்லை.' கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் சங்கத்து முத்திரையையும் ஓங்கிக் குத்தினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் ரப்பர் ஸ்டாம்பாலும் கெட்டார்.

சனிக்கிழமை முனீர் கார் எடுத்தார். ஜாஸ்மினும் ஏறிக்கொண்டாள். அவள் மருந்து வாங்கப் போகும் பத்து நிமிஷம் போதும் என்று தாவீது வழியெல்லாம் கணக்குப் போட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே வறுவல் வாசனை வந்து வரவேற்றது. காத்திருந்த அரை மணி நேரமும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. கத்தியை நினைத்து ஒரு கால். வஞ்சிரத்தை நினைத்து இன்னொரு கால்.

உள்ளே போனதும் டாக்டர் தேவதர்ஷினி தாவீதைத் தாண்டிப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க ஜாஸ்மின். ஒருவழியா கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

தாவீதுக்கு நாற்காலி ஆடியது. "உனக்கு இவங்களைத் தெரியுமா?"

"நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை சுற்றுப்புறம் பார்க்கப் போனப்ப, நானும் டாக்டர் பார்க்கப் போனேங்க. நீங்க மூணு, நான் அஞ்சு. எல்லாரும் உங்க எடையைக் கேட்டாங்க. இவங்க மட்டும்தான், எத்தனை எண்ணுற வரைக்கும் மூச்சு நிக்குதுன்னு என்னைக் கேட்டாங்க. நான் சொன்னா நீங்க வரமாட்டீங்க. அதான் முனீர் அண்ணாவைச் சொல்லச் சொன்னேன்."

தாவீது திரும்பினார். கதவோரம் நின்ற முனீர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். "தங்கச்சி அழுதுச்சு மச்சான். நான் இன்னா பண்ண முடியும்?"

"டாக்டர், இன்னும் ரெண்டு கொட்டேஷன் மட்டும்..." என்று தாவீது இழுத்தார். ஜாஸ்மின் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"சீலெல்லாம் குத்தியிருக்கே!" என்றார் டாக்டர்.

"ஃபைல் க்ளோஸ்" என்றார் முனீர். மூன்று வருட மஞ்சள் பெயின்ட் அந்தக் குரலில் இருந்தது.

தாவீது தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமும் கேட்காததைக் கேட்டார். "முழிச்சுப்பேனா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனாலதான் அவசரப்பட மாட்டேன். தூங்கும்போது மூச்சுக்கு ஒரு மிஷின் தரேன். எல்லா டெஸ்ட்டும் எடுப்போம். முதல்ல ரெண்டு வாரம் திரவ ஆகாரம் மட்டும். கல்லீரல் கொழுப்பு சுருங்கினாதான் ஆபரேஷன் சுலபம்."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து."

ஜாஸ்மின் மேஜைக்கடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் விடவில்லை.

வெளியே வந்தார்கள். முனீர் பொய் சொல்லவில்லை. கடை இருந்தது. கல்லில் வஞ்சிரம் செக்கச்செவேலென்று பொரிந்துகொண்டிருந்தது. தாவீது நின்றுவிட்டார். ஜாஸ்மின் பையிலிருந்து ஃப்ளாஸ்க்கை எடுத்து, வடிகட்டிய காய்கறி சூப்பை மூடியில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "அண்ணா, வஞ்சிரம் ரெண்டு பிளேட். எனக்கு ஒண்ணு, முனீர் அண்ணாவுக்கு ஒண்ணு" என்றாள்.

கடைக்காரர் தாவீதைப் பார்த்தார். "சாருக்கு?"

"அவருக்கு வேணாம். சுற்றுப்புறமே போதும்."