எதிர்வீட்டுக்காரியின் பார்வை

"அவ மறுபடியும் பார்க்கறாடி!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அலறியடித்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்தார். மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எவ?"

"எதிர்வீட்டுக்காரி. கண் கொட்டாம."

போன வாரம் இருவரும் ஒரு மர்மப் படம் பார்த்திருந்தார்கள். அமைதியான புறநகர்த் தெரு. கல்யாணமான ஒருவன்மேல் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பித்துப் பிடித்து, கடைசியில் கத்தியும் கையுமாக வந்து நிற்கிறாள். மனைவி பாதியிலேயே தூங்கிவிட்டாள். அவருக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

"உங்களையா? இந்தத் தொப்பையையா?"

"ஆசைக்குக் கண்ணு தெரியாதுடி." குரலில் பயம் பாதி, பெருமை பாதி.

முதலில் ஜன்னலுக்குக் கனமான திரை போட்டார். பார்க்கிறாளா இல்லையா என்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. திரையில் ஓர் ஓட்டை போட்டார். அதில் சரியாகத் தெரியாததால் கடையிலிருந்து பைனாகுலரைக் கொண்டுவந்தார். கண்ணில் வைத்தால், அவள் நேராக அவரையே முறைத்துக்கொண்டிருந்தாள்!

காலையில் அவர் ஏறும் பஸ்ஸில்தான் அவளும் ஏறுவாள். வம்பே வேண்டாமென்று அடுத்த பஸ்ஸுக்கு மாறினார். ஏறிப் பார்த்தால், பின்சீட்டில் அவள்! இவரைக் கண்டதும் கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"பையில கத்தி வச்சிருக்காடி!"

"சாப்பாட்டு டப்பாவா இருக்கும்."

"மோப்பம் பிடிச்சு பஸ் மாறி வந்திருக்காளே, அதுக்கு என்ன சொல்ற?"

'சாகறதுதான் சாகறோம், லட்சணமாச் சாவோம்' என்று அன்றே அவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும்தான் மனைவிக்குப் பொறுமை போயிற்று. "நேராப் போய்ப் பேசிட்டு வாங்க. இல்லேன்னா நான் போறேன். நான் போனா தெருவே வேடிக்கை பார்க்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு தெருவைத் தாண்டினார். 'அம்மா தங்கச்சி, நான் குடும்பஸ்தன், மனசைத் தேத்திக்கோம்மா' என்று வழியெல்லாம் முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டார். அழைப்புமணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தது அவளுடைய மாமியார். அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்:

"மருமகளே! எவனுக்குப் பயந்து நீ பஸ்ஸை மாத்துனியோ, அவன் தலைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டான்!"