ஏழாம் நம்பர் புளியங்கொட்டை

சாமியையே நூறு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார் என்று சொல்லத்தக்க ஒரே மனுஷி, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலில்தான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஹாஸ்டலில் 'பாதிக்குப்பாதி' டீச்சர். எண்பதுகளின் கடைசியில் அவருக்கு ரூம்மேட்டாக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

காசைச் சுண்டினால் பூ விழ வாய்ப்பு பாதி என்று புத்தகத்தில் போட்டிருந்தால் நாமெல்லாம் நம்பிவிடுவோம். டீச்சர் நம்ப மாட்டார். மின்சார ரயிலில் கிண்டி வரை சுண்டிச் சுண்டி நோட்டில் குறிப்பார். உருண்டோடிய காசுக்காக எத்தனை பேர் காலைத் தூக்கினார்கள் என்பதை மட்டும் குறிப்பதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்று பூரித்தபோது, இதை எத்தனை ஜோடியிடம் சோதித்தீர்கள் என்று கேட்டாராம். பஜ்ஜி அப்படியே மிஞ்சிவிட்டது.

அந்தக் கோடையில் கிணறு வற்றி, விடிகாலையில் தண்ணீர் லாரி வந்தது. அறைக்கு ஒருவர் குடத்தோடு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். எனக்கோ ஒரு மாதத்தில் பேங்க் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டைவிட்டாயிற்று. இதுவும் போனால் ஊருக்கே வந்துவிடு என்று அப்பா எழுதிவிட்டார். படிக்க இருந்தது அந்தக் காலை நேரம் மட்டும்தான். சலுகை கேட்டேன். டீச்சர் அகராதியில் சலுகை கிடையாது. பத்துப் புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து, நம்பர் கீறி, ஒவ்வொன்றையும் நூறு தடவை வீசி, நேர்மையான ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார். தினமும் வீசுவது, வெள்ளை விழுந்தால் நான், கறுப்பு விழுந்தால் அவர்.

கறுப்பாகவே விழுந்தது. அந்த மாதத்தில் நான் குடம் தூக்கியது நாலைந்து நாள் இருக்கும். எனக்கு ஒரே இளக்காரம்.

“இதுவா டீச்சர் பாதிக்குப் பாதி? ஒரு வாரமா உங்களுக்கே விழுதே?”

“புளியங்கொட்டைக்கு ஞாபகம் கிடையாதும்மா. நேத்து என்ன விழுந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. நீ படி.”

பாஸாகிவிட்டேன். வேலை கிடைத்து அறையைக் காலி செய்தபோது அவருடைய நோட்டு கண்ணில் பட்டது. 'ஏழாம் நம்பர்: நூறு வீச்சில் கறுப்பு எண்பத்திரண்டு. ஆட்டத்துக்கு லாயக்கில்லை.' தினமும் வீசிய புளியங்கொட்டையை எடுத்துத் திருப்பினேன். ஏழு.

“ஏமாத்திட்டீங்களே டீச்சர்” என்றேன்.

“ஏமாத்தலையே. உனக்கும் நூத்துக்குப் பதினெட்டு சான்ஸ் இருந்துதே.”

அந்தப் புளியங்கொட்டையைக் கேட்காமலே எடுத்து வந்துவிட்டேன். இப்போதும் எப்போதாவது வீசிப் பார்ப்பேன். கறுப்பு விழும்போதெல்லாம், டீச்சர் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது.